தண்ணீருக்குக் கழிவு

எனக்கு எழுதிப் பழக்கமில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது வரை படித்தேன். அதற்கப்புறம் பென்சிலைப் பிடித்ததைவிட மீன் வெட்டும் கத்தியைப் பிடித்ததுதான் அதிகம். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அது எங்கேயோ போய் நிற்கிறது. மறதியும் உண்டு. முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லுவேன். படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் பெண் கேட்டதால் எழுதுகிறேன். வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ள ஊர்களிலிருந்து புதிதாக ஆட்கள் வருகிறார்களாம். அவர்களிடம் நாலு வார்த்தை பேசுங்கள் என்றுதான் முதலில் கேட்டாள். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். "அப்ப எழுதிக் குடுங்கம்மா" என்றாள். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை. சரி என்றேன்.

நாங்கள் பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய குப்பத்தில் இருக்கிறோம். நான் மீன் விற்கிறவள். அடையாறில் ஒரு தெரு முனையில் என் கூடை இருக்கும். வெட்கப்படுகிற மீன்காரியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மற்றவர்கள் "வஞ்சிரம் வந்துகீது, சங்கரா வந்துகீது" என்று கூவுவார்கள். நான் கூவ மாட்டேன். தலையைக் குனிந்துகொண்டு மீனை ஆய்ந்துகொண்டிருப்பேன். ஆனாலும் என் கூடைதான் சீக்கிரம் காலியாகும். அதற்குக் காரணம் என் தராசு. கொக்கியில் தொங்கவிட்டு, வட்டத்துக்குள் முள் சுற்றுகிற தராசு. முத்திரை போட்டது. அதில் ஒரு பொய் கிடையாது.

இறால் எடை போடுவதைச் சொல்கிறேன். ஐஸ் தண்ணீரிலிருந்து இறாலை அள்ளிப் பையில் போட்டுத் தொங்கவிட்டால் முள் காட்டுவது வெறும் இறாலின் எடை இல்லை. பையின் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும். அந்தத் தண்ணீருக்கென்று ஒரு கை அளவு கழித்துத்தான் எடையைச் சொல்லுவேன். முள் எங்கே நிற்கிறது என்று கண் பார்க்கும், வாய் கழித்துச் சொல்லிவிடும். யோசிக்கவே வேண்டாம். இத்தனை வருஷத்தில் வாய்க்கு அப்படி ஒரு பழக்கம். ஃபிளாட்டில் இருக்கிறவர்கள் வீட்டுக்குப் போய்த் திரும்ப எடை போட்டுப் பார்த்தாலும் குறையாது.

என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். அவர் இருக்கிற இடத்தில் சத்தம் இருக்கும். கரையில் மீன் ஏலம் விடுகிறவர் அவர்தான். விடியும் நேரத்தில் படகுகள் வந்து மணலில் ஏறும். மீனைக் குவித்ததும் இவர் நடுவில் நின்று "ஒரு தரம்" என்று ஆரம்பித்தால், அடுத்த குப்பத்துக்குக் கேட்கும். முன்பு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். சர்க்கரை வியாதி வந்து, அது சிறுநீரகத்தைக் கெடுத்து, உடம்பு தளர்ந்த பிறகு படகேற முடியவில்லை. அப்போது ஊரார் கூடி ஏல வேலையை அவருக்குக் கொடுத்தார்கள். குரல் மட்டும் தளரவில்லையே.

அப்புறம் சிறுநீரகம் சுத்தமாக நின்றுபோனது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார்கள். காப்பீட்டு அட்டை இருந்ததால் அது நடந்தது. ஆனால் அவருக்குக் கிடைத்தது காலை முறை. படகு கரையேறுகிற அதே நேரம். இவர் அங்கே ஊசி குத்திக்கொண்டு படுத்திருப்பார், இங்கே வேறொருவர் ஏலம் விடுவார். ஊசியைப் பற்றி அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் "இன்னிக்கு இன்னா மீனு ஏறிச்சி? யாரு எடுத்தாங்க?" என்று கேட்பார். எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். கேட்டுவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

பல மாதம் அப்படிப் போன பிறகுதான் டாக்டர் இன்னொரு வழி சொன்னார். வயிற்றில் ஒரு சின்னக் குழாய் வைப்பார்கள். அதன் வழியாக இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீரை வயிற்றுக்குள் விட வேண்டும். சில மணி நேரம் அது உள்ளேயே இருக்கும். ரத்தத்தில் இருக்கிற அழுக்கும் கூடுதல் தண்ணீரும் அதில் வந்து சேரும். பிறகு அதை வெளியே வடித்துவிட்டுப் புதுப் பையை ஏற்ற வேண்டும். மெஷின் வேண்டாம், கரண்ட் வேண்டாம், வீட்டிலேயே செய்துகொள்ளலாம். விடியும் முன் ஒரு பை, அப்புறம் பகலில் மாற்றிக்கொள்ளலாம்.

"விடியுமுன்ன ஒண்ணு முட்ச்சிட்டா அப்பால நான் ஃப்ரீயா சார்?" என்று கேட்டார் இவர்.

"ஃப்ரீதான். ஏன், எங்க போகணும்?"

"ஏலத்துக்கு சார்" என்றார். ஆஸ்பத்திரியில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆஸ்பத்திரியில் வைத்துப் பழக்கிக்கொடுத்தார்கள். எங்களோடு செய்யூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு கடலை விவசாயியும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். அவர்கள் ஊருக்குப் பக்கத்தில் மெஷினே கிடையாது. பஸ் மாறிப் பஸ் மாறி வந்து, மெஷினில் படுத்து, திரும்பிப் போவதற்குள் நாள் முடிந்துவிடுமாம். கடலை பிடுங்குகிற சமயத்தில்கூட ஊரில் இருக்க முடிவதில்லை. அவர்களுக்கும் இந்த வயிற்றுப் பைதான் வழி. அந்த அம்மாவும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அவளும் பேச மாட்டாள், நானும் பேச மாட்டேன். அதனால் சீக்கிரம் சிநேகிதமாகிவிட்டோம்.

நர்ஸ் பெண் சொல்லிக்கொடுத்தது முக்கியமாக ஒன்றுதான்: சுத்தம். கையை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஃபேனை நிறுத்த வேண்டும், கதவு ஜன்னல் சாத்த வேண்டும். குழாயை மாட்டும்போது பேசவே கூடாது. கிருமி உள்ளே போய்விட்டால் வயிறு கெட்டு, எல்லாம் பாழாகிவிடும்.

"பேசாம இருக்கணுமா?" என்று இவர் கேட்டார்.

"ஆமாய்யா. வாயைத் திறக்கக் கூடாது."

"எங்க வூட்டுக்காரி இத்தினி வருசமா சொல்லிக்கினு கீறா. நீங்க சொன்னாதான் நடக்குது பாரு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. செய்யூர் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எங்கள் வீடு ஒரே அறைதான். அதில் ஒரு மூலையை ஒழித்துச் சுண்ணாம்பு அடித்து, தரையைத் தேய்தேய் என்று தேய்த்தேன். மீன் கூடையும் கத்தியும் வெளியே போய்விட்டன. பையை உயரத்தில் தொங்கவிட ஒரு கம்பம் வேண்டும். ஆஸ்பத்திரியில் இருப்பது போல் சக்கரம் வைத்த கம்பத்துக்கு எங்கே போவது? இவர் தன் பழைய துடுப்பை நன்றாகக் கழுவிக் காயவைத்துக் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டினார். மேலே ஒரு கொக்கி. துடுப்பு ஆடவில்லை, அசையவில்லை. "கடல்ல என்னெக் காப்பாத்திச்சி, இப்ப கட்டில்ல காப்பாத்தட்டும்" என்றார்.

பூனைகள்தான் தொல்லை. மீன்காரி வீட்டைச் சுற்றி எப்போதும் இரண்டு மூன்று இருக்கும். குழாயைப் பார்த்தால் கயிறு என்று நினைத்து விளையாட வந்துவிடும். கதவைச் சாத்தினால் வெளியே உட்கார்ந்துகொண்டு, உள்ளே நாங்கள் ஏதோ பெரிய மீனைத் தனியாகச் சாப்பிடுகிறோம் என்பது போலக் கத்தும்.

மனிதர்களைத் தடுப்பது அதைவிடக் கஷ்டம். குப்பத்தில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. சாத்தினால் "இன்னா சண்டையா?" என்று தள்ளித் திறந்துகொண்டு வருவார்கள். ஏதாவது அடையாளம் வைக்க வேண்டும் என்று யோசித்தேன். முதல் நாள் பகல் பையின்போது வாசலில் ஒரு கொத்து வேப்பிலை செருகினேன். வேப்பிலை இருக்கிற வீட்டுக்குள் யாரும் நுழைய மாட்டார்கள் இல்லையா?

நுழையவில்லைதான். ஆனால் தண்ணீர் வடிந்து முடிவதற்குள் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. எதிர் வீட்டுக்காரி கூழ் காய்ச்சி எடுத்து வந்துவிட்டாள். ஒருத்தி இளநீர், ஒருத்தி மஞ்சள் தண்ணீர்ச் சொம்பு.

"எக்கா, அண்ணனுக்கு ஆத்தா வந்துகீறாளாமே? எங்க போட்டுகீது, மூஞ்சிலயா?"

நான் கதவிடுக்கில் நின்று இல்லை இல்லை என்று கையை மட்டும் ஆட்டினேன். குழாயைக் கழற்றி மூடியதும் உள்ளேயிருந்து இவர் குரல் வந்தது. "அம்மையும் இல்ல ஒண்ணும் இல்ல! வயித்துல தண்ணி மாத்திக்கினு கீறேன்! கூழை வச்சிட்டுப் போங்க!"

டாக்டர் அளவாகத்தான் குடிக்கச் சொல்லியிருந்தார். அதனால் அந்தக் கூழை நான்தான் குடித்தேன்.

மறுநாள் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கடலில் வலை போட்டால், இருக்கிற இடம் தெரிய மிதவையில் ஒரு கறுப்புக் கொடி கட்டுவார்கள். கொடியைப் பார்த்தால் வேறு படகு அதன்மேல் குறுக்கே போகாது. அந்தக் கொடி ஒன்றை எடுத்து வாசல் கதவில் கட்டினார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒருத்தரும் தட்டியதில்லை. "கொடி ஏறிகீது, தாண்டாத" என்று சின்னப் பிள்ளைகள்கூடச் சுற்றிக்கொண்டு போகும்.

இன்னொரு சந்தோஷமும் வந்தது. வயிற்றுப் பை வைத்தவர்களுக்கு உடம்பிலிருந்து சத்து வடிந்துபோகுமாம். அதனால் மீனும் முட்டை வெள்ளையும் நன்றாகச் சாப்பிடச் சொன்னார் டாக்டர். கருவாடும் ஊறுகாயும்தான் கூடாது, உப்பு. "டாக்டரே மீன் துண்ணச் சொல்டாரு, நீ இன்னா சொல்ற?" என்று தினமும் தட்டை நீட்டுவார். கருவாட்டு நாற்றம் வரும் வீட்டைக் கடக்கும்போது மட்டும் பெருமூச்சு விடுவார்.

விடியும் முன் பையை மாற்றிவிட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு கரைக்குப் போவார். பத்துப் பதினைந்து வீடு தாண்டினால் மணல். நான் வாசலில் நின்று காதைக் கொடுப்பேன். "ஒரு தரம்" என்று கேட்டதும் என் வேலையைப் பார்க்கப் போவேன்.

இனிமேல்தான் எடை விஷயம்.

இரண்டு லிட்டர் உள்ளே விட்டால், வடியும்போது அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வெளியே வர வேண்டும். அந்தக் கூடுதல்தான் உடம்பில் தேங்கியிருந்த தண்ணீர். குறைந்து வந்தால் தண்ணீர் உள்ளேயே தங்குகிறது, டயாலிசிஸ் சரியாக நடக்கவில்லை என்று அர்த்தம். அதனால் வடிந்த பையை ஒவ்வொரு முறையும் எடை போட்டுச் சொல்ல வேண்டும். அவருக்குக் கண் மங்கல், முள் தெரியாது. எடை போடுவது என் தொழிலாச்சே, நானே போட்டேன். நர்ஸ் பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவேன். அதற்கே எனக்கு வெட்கம். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, மெதுவாக எடையை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்.

"போனு கடிக்காதுமே, வாயத் தொறந்து பேசு" என்பார் இவர்.

எடை போட ஆஸ்பத்திரியில் ஒரு சின்னத் தராசு கொடுத்திருந்தார்கள். எங்கள் பக்கம் உப்புக் காற்று. ஆணி, கதவுக் கீல், குடம் எதுவும் தப்பாது. மழைக்காலம் முடிவதற்குள் அந்தத் தராசு துருப்பிடித்து, எதைத் தொங்கவிட்டாலும் முள் ஒரே இடத்தில் நின்றது. இன்னொன்று கொடுங்கள் என்று கேட்க எனக்குக் கூச்சம். என்னிடம்தான் முத்திரை போட்ட தராசு இருக்கிறதே. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, அதிலேயே எடை போட ஆரம்பித்தேன்.

கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. உடனே வரச் சொன்னார்கள்.

"ரெண்டு லிட்டர் போகுது, ரெண்டுக்குக் கம்மியா வருது. இவ்வளவு நாள் நல்லா வந்துச்சே?" என்றார் டாக்டர். படம் எடுத்துப் பார்த்தார்கள். குழாய் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். வீக்கம் இல்லை, குழி விழவில்லை. "அப்ப மிச்சத் தண்ணி எங்கதான் போகுது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

"கடல்காரன் வயிறு சார்" என்றார் இவர். "தண்ணியப் பாத்தா உடாது."

டாக்டர் சிரித்தார், ஆனால் முகம் சரியாக இல்லை. தண்ணீரை இன்னும் வேகமாக இழுக்கிற கெட்டிப் பை ஒன்று உண்டு. அதைப் போட்டுப் பாருங்கள் என்று கொடுத்தார்.

கெட்டிப் பை போட்ட சில நாளில் இவருக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. நாக்கு வறண்டது. காலில் நரம்பு இழுத்தது. ஒருநாள் ஏலத்தின் நடுவில், "ரெண்டு தரம்" சொல்லிவிட்டு மூன்றாம் தரம் சொல்லாமல், கவிழ்த்து வைத்த கூடைமேல் உட்கார்ந்துவிட்டார். தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் அனுப்புகிற எடை அப்போதும் இரண்டைத் தாண்டவில்லை.

திரும்ப ஆஸ்பத்திரி. டாக்டர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "சிலருக்கு வயித்துக்குள்ள இருக்கிற அந்தச் சவ்வு கொஞ்ச நாள்ல ஒத்துழைக்காமப் போயிடும். இந்த வாரமும் இப்படியே இருந்தா மெஷினுக்குத்தான் திரும்பணும். காலை முறையிலதான் இடம் இருக்கு" என்றார்.

காலை முறை என்றதும் இவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

அன்று சாயங்காலமே கரைக்குப் போய்ப் படகுக்காரர்களிடம் "வேற ஆள் பாத்துக்குங்கப்பா" என்று சொல்லிவிட்டு வந்தார். யாரைப் போடுவார்கள் என்று தெரியும். தெருக்கோடியில் ஒருவர் இருக்கிறார், நல்ல மனிதர், ஆனால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். "அவன் ஏலம் உட்டான்னா மீனுக்கே போரடிச்சிப் போய்த் திரும்பிக் கடலுக்குப் போய்டும்" என்றார். அப்படிச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. அதற்கப்புறம் பேசவும் இல்லை. அவர் பேசாத வீட்டில் இருந்து எனக்குப் பழக்கமில்லை. பூனை கத்தினால்கூடப் பரவாயில்லை என்று கதவைத் திறந்துவைத்தேன்.

நான் எங்கள் அம்மனிடமும் சொன்னேன். பக்கத்தில் மாதா கோயிலுக்கும் போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். எந்தத் தாய் காதில் விழுந்தாலும் சரி.

அந்த வாரம் முடியும் முன் நர்ஸ் பெண் போன் செய்தாள். "டாக்டர் முடிவு பண்றதுக்கு முன்னாடி நான் ஒருதடவை வீட்டுக்கு வந்து பார்க்கிறேம்மா. நீங்க செய்யறதை அப்படியே என் கண்ணு முன்னால செஞ்சு காட்டுங்க" என்றாள்.

கரூர்ப் பக்கத்துப் பெண். மீன் சாப்பிடாத வீடு. குப்பத்துக்குள் ஸ்கூட்டரில் வந்து இறங்கியதுமே நெத்திலி காய்கிற வாசனை அவளை வரவேற்றிருக்கும். ஆனாலும் மூக்கைச் சுளிக்கவில்லை. எதிர் வீட்டுக்காரி "சிஸ்டரு, ரெண்டு வவ்வா மீனு கட்டித் தரட்டா?" என்று கேட்டதற்கு, "என் பங்கையும் ஐயாவுக்கே போடுங்கம்மா" என்றாள்.

கொடி ஏற்றினோம். கதவு சாத்தினோம். ஃபேனை நிறுத்தினேன். அவள் ஒரு முக்காலியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் வாயைக் கட்டிக்கொண்டு, கை கழுவி, ஒரு பிசகு இல்லாமல் குழாயை மாட்டினார். துடுப்பைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். தண்ணீர் வடிந்தது. புதுப் பை ஏறியது. கழற்றி மூடியாயிற்று. எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தாள்.

அடுத்தது என் வேலை. யாராவது பார்த்தால் எனக்குக் கூச்சம். வடிந்த பையை என் தராசுக் கொக்கியில் மாட்டித் தூக்கிப் பிடித்தேன். முள் சுற்றி நின்றது. நர்ஸ் பெண் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள். வழக்கம் போல எடையைச் சொன்னேன். இரண்டுக்குக் கொஞ்சம் கம்மி.

அவள் கிட்டக் குனிந்தாள். முள்ளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திரும்ப முள்ளைப் பார்த்தாள்.

"அம்மா, முள்ளு ரெண்டைத் தாண்டி நிக்குதே. நீங்க ஏன் கம்மியாச் சொல்றீங்க?"

"கழிச்சிதானேம்மா சொல்லணும்?" என்றேன்.

"எதைக் கழிச்சு?"

"தண்ணியத்தான். பைக்குள்ள தண்ணி கீதே. அதுக்குக் கழிக்காம சொன்னா எப்டி?"

 வெளியே பூனை கத்தியது. நர்ஸ் பெண்ணின் முகமூடிக்கு மேலே கண் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது.

"அம்மா," என்றாள் மெதுவாக, "அந்தப் பையில தண்ணியைத் தவிர வேற என்ன இருக்கு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆஸ்பத்திரித் தராசில் முள் காட்டியதை அப்படியே சொன்ன வாய், என் தராசைக் கண்டதும் இறால் பழக்கத்துக்குப் போய்விட்டிருந்தது. தராசும் பையுமாக அப்படியே நின்றேன். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். முகமூடி புஸ்ஸென்று உப்பி உப்பி அடங்குகிறது.

"இறாலு! என்னெ இறாலுன்னு நெனச்சி எடை போட்டுகீறா சிஸ்டர்!"

"ஐயா, சிரிக்காதீங்க, இப்பதான் தண்ணி ஏத்தியிருக்கு!" என்று சொல்லிக்கொண்டே அவளும் முக்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு.

"டாக்டரு சவ்வு போச்சின்னாரு. சவ்வு எங்கயும் போவல. வாடிக்கக்காரனுக்குக் கொறையக் கூடாதுன்னு என் தண்ணியக் கழிச்சிக்கினே வந்துகீறா. ஏமே, நான் இன்னா அடையாறு ஃபிளாட்டா?"

நான் அடுப்பு மூலைக்குப் போய் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதை அவர்களுக்குக் காட்டப் பிடிக்கவில்லை.

நர்ஸ் பெண் அங்கேயே டாக்டருக்குப் போன் போட்டாள். பழைய தராசு துருப்பிடித்ததையும், என் தராசு வந்ததையும், இறால் கதையையும் சொன்னாள். அந்தப் பக்கம் டாக்டர் எல்லாவற்றையும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாராம். பிறகு கெட்டிப் பையை உடனே நிறுத்தச் சொன்னார். தலை சுற்றியதற்குக் காரணமே அதுதான். நன்றாக வடிந்துகொண்டிருந்த உடம்பிலிருந்து இன்னும் இன்னும் இழுத்திருக்கிறது. பழைய பைக்கே மாற்றி, ரத்தம் சோதித்து, சில நாள் எடையைப் பார்த்துவிட்டு மெஷின் விஷயத்தை முடிவு செய்யலாம் என்றார்.

போகும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க தராசுலயே போடுங்க. நல்ல தராசு. முள்ளு என்ன சொல்லுதோ அதை மட்டும் சொல்லுங்க. கழிக்கிறதை நாங்க ஆஸ்பத்திரியில கழிச்சுக்கிறோம்" என்றாள். "தராசு கெட்டுப்போனா கேக்க வெட்கப்படக் கூடாது. ஒரு வார்த்தை. தராசு போச்சு. அவ்வளவுதான்."

அந்தச் சில நாளும் எடை சொல்லும்போது என் வாயைக் கையால் பிடித்துக்கொள்ளாத குறைதான். முள்ளைப் பார்த்ததும் வாய் தானாகக் கழிக்கப் போகும். இவர் கட்டிலில் உட்கார்ந்தபடி "ஏமே, கழிக்காத" என்பார். போனில் அந்தக் குரலும் சேர்ந்து போகும். ஆஸ்பத்திரியில் அதைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்களாம்.

அடுத்த வாரம் டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். ரத்தம் சரி, எடை சரி. தலை சுற்றலும் நின்றிருந்தது. "சவ்வு அருமையா வேலை செய்யுது. மெஷின் வேண்டாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இறால் வாங்கணும்னா உங்ககிட்டதான் வருவேன்" என்றார். நான் வழக்கம் போலத் தரையைப் பார்த்தேன்.

மறுநாள் விடியும் முன்பே பையை மாற்றி முடித்துவிட்டார். சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு கிளம்பினார். இவ்வளவு நாள் வாசலிலேயே நின்று கேட்ட நான், அன்றைக்கு மட்டும் பின்னாலேயே மணல்வரை போய், கவிழ்த்த படகுக்கு மறைவில் நின்றேன். கிணற்றுக் குரல்காரர் இவரைக் கண்டதும் "வந்துட்டியா அண்ணே, என் தொண்டை போச்சு" என்று ஒதுங்கிக்கொண்டார்.

ஒரு படகு இறாலோடு ஏறியது. குவித்ததும் ஒரு பெண் வேண்டுமென்றே சத்தமாகக் கேட்டாள்: "நைனா, தண்ணிக்கு கழிவு உண்டா?" குப்பம் முழுக்கக் கதை தெரிந்துவிட்டிருந்தது.

"அதெல்லாம் எங்க வூட்டுக்காரியாண்ட கேளு!" என்றார் இவர். எல்லாரும் சிரித்தார்கள். நான் படகுக்குப் பின்னால் இன்னும் குனிந்துகொண்டேன். அதற்கப்புறம் அவர் மூச்சை இழுத்து "ஒரு தரம்" என்றார். அடுத்த குப்பத்துக்குக் கேட்டிருக்கும். மூன்றாம் தரமும் சொல்லி முடித்தார். நான் என் கூடையை எடுக்கப் போனேன்.

செய்யூர் அம்மாவுக்கு இதைப் போனில் சொன்னேன். எனக்கு அவளிடம் மட்டும் பேச வரும். அவள் நிறையச் சிரித்துவிட்டு, "எங்க வூட்ல கடல மூட்டய எடை போட்டா சாக்குக்குக் கழிப்போம். நானும் நல்லாப் பாத்துக்கணும்" என்றாள். அதனால்தான் இது மற்றவர்களுக்கும் உபயோகப்படும் என்று நர்ஸ் பெண் சொன்னதை நம்பினேன். நெல், பால், புளி, எதை எடை போட்டுப் பிழைத்தவர்களானாலும் அவரவர் கை ஒன்றைக் கழித்துப் பழகியிருக்கும். இந்தப் பைக்கு அது ஆகாது.

ஆஸ்பத்திரி விஷயங்களை நான் காதால் கேட்டபடி எழுதியிருக்கிறேன். பையில் எத்தனை லிட்டர், கெட்டிப் பை எதற்கு, கூழ் குடிக்கலாமா கூடாதா, இதையெல்லாம் நர்ஸ் பெண்ணோ விஷயம் தெரிந்த வேறு யாராவதோ ஒருதடவை படித்துச் சரிபார்த்துவிட்டுத்தான் புதிதாக வருகிறவர்களிடம் கொடுக்க வேண்டும். தலை சுற்றல் முதலில் வந்ததா, கால் இழுத்தது முதலில் வந்ததா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. இவரைக் கேட்டால் கதையைப் பெரிதாக்கிவிடுவார். அதனால் டாக்டரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.